அதிவேகப் பொதிச் செயலாக்கத்தில் பல்செயல்முறை இயக்கம்

கணினிப் பிணையத்தின் வழியே வந்து சேரும் தரவுப் பொதிகளை ஒரே நிரல் தனித்து நின்று கையாளாமல், தனித்தனியே தொடங்கவும் நிறுத்தவும் கூடிய பல நிரல்கள் ஒரே நினைவகப் பரப்பையும் ஒரே பிணைய அட்டைகளையும் பகிர்ந்துகொண்டு கையாளும் மென்பொருள் அமைப்பு, பல்செயல்முறை இயக்கம் எனப்படும். பொதி என்பது பொறியாளர்கள் பாக்கெட் என்று வழங்கும் தரவுத் துண்டு. செயல்முறை என்பது அவர்கள் ப்ராசஸ் என்று வழங்குவது, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு இயக்க அமைப்பு தனி நினைவகமும் தனி உரிமைகளும் வகுத்துக் கொடுத்துக் காக்கும் அலகு. ஒரு செயல்முறையின் நினைவகத்தை மற்றொன்று தொட முடியாது என்பதே இயக்க அமைப்புகளின் அடிப்படைக் காப்பு. அந்தக் காப்பின் ஒரு பகுதியை வேகத்துக்காகத் தெரிந்தே விட்டுக்கொடுத்து, எஞ்சிய பகுதியைப் பயனுள்ளதாக வைத்துக்கொள்ள முயல்வதில்தான் இத்துறையின் நுட்பமும் இடரும் அடங்கியுள்ளன.

தேவை எழுந்த விதம்

கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தில், விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டி அமைந்த பெண்ணாடத்தில் ஒருவர் தனித்தியங்கும் 5ஜி வலையமைப்பில் கைபேசி வழியே காணொளி பார்க்கிறார் என்று கொண்டால், அவருக்கு வரும் பொதி ஒவ்வொன்றும் கைபேசிக் கோபுரத்தை அடையும் முன் நிறுவனத்தின் மைய வலையமைப்பிலுள்ள 'யூசர் பிளேன் பங்ஷன்' என்னும் பயனர் தரவுப் பகுதியைக் கடந்தாக வேண்டும். பொதி யாருக்குரியது, எவ்வளவு தரவு கணக்கில் ஏற வேண்டும், எந்தக் கோபுரத்துக்கு அனுப்ப வேண்டும் என்பனவற்றை அந்தப் பகுதிதான் தீர்மானிக்கிறது. முன்பு தனிவகை வன்பொருள்கள் செய்துவந்த இத்தகைய வேலைகளை இன்று பொதுப் பயன்பாட்டுச் சர்வர்களில் ஓடும் மென்பொருள்கள் செய்யத் தொடங்கியிருப்பதால், சாதாரணச் செயலியைக் கொண்டு எவ்வளவு வேகத்தை எட்டலாம் என்னும் கேள்வி முன்னுக்கு வந்தது.

அந்தக் கேள்வியின் கடுமை ஓர் எளிய கணக்கில் விளங்கும். ஈத்தர்நெட்டின் மிகச் சிறிய சட்டகம் 64 பைட்டு நீளமுடையது. அதற்கு முன்னும் பின்னும் கம்பியில் செலவாகும் 20 பைட்டுகளைச் சேர்த்தால் 84 பைட்டு ஆகிறது. நொடிக்கு 10 கிகாபிட் கடத்தும் இணைப்பில் இத்தகைய பொதிகள் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் வரக்கூடும் என்பதால், ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோநொடி மட்டுமே. 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரு கோருக்கு இது சுமார் 200 கடிகாரச் சுழற்சிகள். இணைப்பு 100 கிகாபிட் ஆகும்போது அதே அளவு 6.7 நானோநொடியாக, அதாவது 20 சுழற்சிகளாகச் சுருங்குகிறது. முதன்மை நினைவகத்துக்கு ஒருமுறை சென்று வருவதற்கே இதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும் என்பதை நினைத்தால், ஒரு பொதியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகலெடுப்பதும், இயக்க அமைப்பின் கெர்னலுக்குள் சென்று மீள்வதும், ஒரு பூட்டுக்காகக் காத்திருப்பதும் எவ்வளவு பெரிய செலவுகள் என்பது தெளிவாகும்.

மரபான முறையில், பொதி வந்ததும் பிணைய அட்டை செயலிக்கு ஒரு குறுக்கீடு அனுப்புகிறது. செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அதைக் கவனிக்கிறது. பொதிகள் அளவுக்கு மீறி வரும்போது செயலி குறுக்கீடுகளுக்கு விடை சொல்வதிலேயே மூழ்கி, ஒரு பொதியையும் முழுமையாகச் செயலாக்க இயலாத நிலையை அடையும். ஜெஃப்ரி மோகல், கே. கே. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1996இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அளித்த கட்டுரையில் இந்த நிலையை விரிவாக ஆராய்ந்து, சுமை மிகும்போது குறுக்கீட்டை நிறுத்திவிட்டுச் செயலியே முறைவைத்து அட்டையைப் பார்க்கும் வழியைப் பரிந்துரைத்தனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1978இல் முதுநிலைப் பட்டம் பெற்ற ராமகிருஷ்ணன் இத்துறையின் வரலாற்றில் இரண்டு இடங்களில் வருகிறார். இரண்டாவது இடம் இக்கட்டுரையின் நேர்ப்பொருளாகிய பல்செயல்முறை இயக்கம்.

செயலியே முறைவைத்துப் பார்ப்பதை எப்போதைக்குமான வழக்கமாக்கி, கெர்னலை முற்றிலும் ஒதுக்கிவிட்டுப் பயனர் நிரலே பிணைய அட்டையை நேரடியாக இயக்கும்படி செய்ததே டிபிடிகே என்னும் நிரல் தொகுப்பு. இன்டெல் நிறுவனம் 2010இல் உருவாக்கிய இதன் தந்தை என்று அந்நிறுவனப் பொறியாளர் வெங்கி வெங்கடேசன் போற்றப்படுகிறார். அவர் 2018 ஏப்ரலில் புற்றுநோயால் மறைந்தார். சிக்ஸ்விண்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2013இல் இதற்கான திறந்த நிரல் சமூகத்தை நிறுவியது. 2017இல் இது லினக்ஸ் அறக்கட்டளையின் திட்டமாயிற்று. இன்று பல்செயல்முறைப் பொதிச் செயலாக்கம் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி டிபிடிகேயின் முறையையோ அதற்கு மாற்றாக வந்த முறைகளையோ சார்ந்தது.

முதன்மைச் செயல்முறையும் துணைச் செயல்முறைகளும்

டிபிடிகேயில் ஒரு குழுவுக்கு ஒரே முதன்மைச் செயல்முறையும் அதனுடன் எத்தனை வேண்டுமானாலும் துணைச் செயல்முறைகளும் இருக்கலாம். நினைவகத்தை ஒதுக்குவது, பிணைய அட்டைகளைத் தயார் செய்வது, பொதிகள் தங்கும் நினைவகக் குளங்களை அமைப்பது ஆகியன முதன்மையின் பணிகள். துணைச் செயல்முறை எதையும் புதிதாக நிறுவாமல், முதன்மை எழுதிவைத்த அமைவுக் கோப்பைப் படித்து, அதே நினைவகத்தைத் தன் முகவரி வெளியில் இணைத்துக்கொண்டு, வேண்டிய குளத்தையோ வரிசையையோ பெயர் சொல்லித் தேடி எடுத்துக்கொள்கிறது. தொடங்கும்போது தரப்படும் கட்டளை விருப்பத்தால் ஒரு நிரல் முதன்மையா துணையா என்பது முடிவாகிறது. அதைத் தானே கண்டறியும்படி விட்டுவிடவும் வழியுண்டு. ஒரே சர்வரில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு குழுக்கள் ஓட வேண்டுமானால், ஒவ்வொன்றின் கோப்புகளுக்கும் வெவ்வேறு முன்னொட்டுப் பெயர் கொடுத்துப் பிரித்துவிடலாம்.

பகிரப்படும் நினைவகம் பெரும்பக்கங்களால் ஆனது. லினக்ஸ் வழக்கமாக நினைவகத்தை 4 கிலோபைட்டுப் பக்கங்களாகப் பகுக்கிறது. பெரும்பக்கம் 2 மெகாபைட்டாகவோ 1 கிகாபைட்டாகவோ இருக்கும். பக்கம் பெரிதானால் முகவரி மாற்றத்துக்கான குறிப்புகள் குறைந்து, அவற்றைத் தேடும் நேரம் மிச்சமாகிறது என்பதற்காகவே முதலில் இவை பயன்பட்டன. ஆனால் பெரும்பக்கங்கள் கோப்பு முறைமையில் கோப்புகளாகத் தோன்றுவதால், மற்றொரு செயல்முறை அதே கோப்பைத் திறந்து இணைத்துக்கொள்வதும் எளிதாயிற்று. தொடக்கத்தில் இந்த நினைவகம் முழுவதும் நிரல் தொடங்கும்போதே ஒதுக்கப்பட்டு நிலையாக நின்றது. 18.05 பதிப்பிலிருந்து ஓட்டத்தின் நடுவிலும் நினைவகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்ததால், ஒரு செயல்முறை செய்யும் மாற்றத்தை மற்றவை உடனே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய 18.02 பதிப்பில் சேர்க்கப்பட்ட, யுனிக்ஸ் சாக்கெட் வழியே செயல்முறைகள் செய்தி பரிமாறும் வசதி இதற்குக் கைகொடுத்தது.

முகவரி உடன்பாடு

இந்த அமைப்பின் உயிர்நாடி, பகிரப்பட்ட நினைவகம் எல்லாச் செயல்முறைகளிலும் ஒரே மெய்நிகர் முகவரியில் இருக்க வேண்டும் என்னும் விதியாகும். பொதிகளின் விவரப் பட்டியல்களும் குளங்களும் வரிசைகளும் சுட்டிகளால், அதாவது நினைவக முகவரிகளைத் தாங்கும் மாறிகளால், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒருவர் கதவு எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் இரண்டு தெருக்களிலும் அந்த எண்ணில் அதே வீடு இருந்தால்தான் செய்தி உரியவரைச் சேரும் என்பதுபோல, ஒரு செயல்முறை எழுதிய முகவரி மற்றொன்றில் அதே பொருளைக் காட்டினால்தான் சுட்டி பொருளுடையதாகும். இந்த உடன்பாடு கிடைத்துவிட்டால் பொதியை நகலெடுக்காமல், வடிவம் மாற்றாமல், 8 பைட்டுச் சுட்டி ஒன்றைக் கைமாற்றினாலே போதும்.

உடன்பாடு எப்போதும் எளிதாகக் கிட்டுவதில்லை. தாக்குவோர் நினைவக அமைப்பை ஊகிக்காமலிருக்க, லினக்ஸ் ஒவ்வொரு முறையும் நிரலின் நூலகங்களையும் அடுக்கையும் வெவ்வேறு முகவரிகளில் வைக்கிறது. துணைச் செயல்முறையில் ஏதேனும் ஒரு நூலகம் தற்செயலாக முதன்மையின் பகிர்நினைவக இடத்தில் அமர்ந்துவிட்டால் இணைப்பு தோற்றுப்போகும். இதைத் தவிர்க்க அடிப்படை முகவரியை முன்கூட்டியே குறிப்பிடும் விருப்பம் ஒன்று உண்டு. முகவரிச் சிதறலையே நிறுத்திவிடும் வழியையும் டிபிடிகேயின் கையேடு சொல்கிறது. பிணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சர்வரில் பாதுகாப்பு அரணொன்றைக் களைவது நல்ல தீர்வன்று, வேறு வழியற்ற நிலையிலேயே அதை நாட வேண்டும்.

தரவுக்கான முகவரி பொருந்தினாலும், செயற்கூறுகளுக்கான முகவரி பொருந்துவதில்லை என்பது இதைவிட நுட்பமான சிக்கல். இரண்டு நிரல்கள் தனித்தனியே தொகுக்கப்பட்டவை என்றால், ஒரே பெயருடைய செயற்கூறு இரண்டிலும் வெவ்வேறு இடங்களில் இருக்கும். பகிர்நினைவகத்தில் ஒரு செயற்கூற்றின் முகவரியை எழுதிவைத்து மற்றொரு நிரல் அதை அழைத்தால், அது தொடர்பற்ற ஓரிடத்துக்குத் தாவிக் கவிழ்ந்துவிடும். டிபிடிகே இதற்காகச் சில கட்டமைப்புகளை இரண்டாகப் பிளந்துள்ளது: பிணைய அட்டையின் நிலை, அதன் வரிசைகள் போன்ற தரவு பகிர்நினைவகத்தில் இருக்க, பொதியைப் பெறும், அனுப்பும் செயற்கூறுகளின் முகவரிகள் ஒவ்வொரு செயல்முறையின் தனி நினைவகத்தில் இருக்கின்றன. நினைவகக் குளமும் தன் செயற்கூறுகளின் முகவரியைத் தாங்காமல், ஒரு பட்டியலில் அவற்றுக்குரிய வரிசை எண்ணை மட்டுமே தாங்குகிறது. ஹாஷ் டேபிள் எனப்படும் கலவை அட்டவணை போன்ற சில பகுதிகளில் இந்தப் பிரிப்பு முழுமை பெறாததால், வெவ்வேறு நிரல்கள் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும்போது தனிக் கவனம் வேண்டும்.

முகவரி உடன்பாடே தேவைப்படாத, அல்லது அது தானாகவே கிட்டிவிடும் வேறு வழிகளும் உண்டு என்பதைப் பிற அமைப்புகள் காட்டின. இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் லூயிஜி ரிஸ்ஸோ உருவாக்கிய நெட்மேப், பகிர்நினைவகத்தில் சுட்டிகளையே வைக்காமல், தொடக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்னும் எண்ணையும் பொதிக் கூடத்தின் வரிசை எண்ணையும் மட்டுமே வைக்கிறது. ஆகவே ஒவ்வொரு செயல்முறையும் தனக்கு வசதியான முகவரியில் அதை இணைத்துக்கொள்ளலாம். 2012இல் வெளியான அதன் கட்டுரை, 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரே கோரைக் கொண்டு 10 கிகாபிட் இணைப்பை மிகச் சிறிய பொதிகளால் நிரப்ப முடிந்ததைக் காட்டியதால், எண்களால் சுட்டுவது வேகத்தைக் கெடுக்கும் என்னும் வாதம் வலுவிழந்தது. லூக் கோரி தொடங்கிய ஸ்னாப் இன்னொரு வழியில் செல்கிறது: நினைவகத்தின் உண்மையான முகவரியோடு நிலையான ஓர் அடையாளத்தைச் சேர்த்து மெய்நிகர் முகவரியைக் கணக்கிடுவதால், எந்தச் செயல்முறையும் அதே முகவரியையே அடைகிறது, இன்னும் இணைக்கப்படாத முகவரியை ஒரு செயல்முறை தொட்டால், அப்போது எழும் பிழை அறிவிப்பையே பிடித்துக்கொண்டு அந்த நினைவகத்தை அக்கணமே இணைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறது. இம்மூன்றிலும் ஸ்னாப்பின் தீர்வே அழகில் முந்தியது. நிரல் எழுதுபவருக்கு மிகக் குறைந்த சுமை தருவதும் அதுவே.

பொதியின் உரிமை

முகவரி பொருந்திய பின் எழும் கேள்வி, ஒரு பொதி எந்தக் கணத்தில் யாருடையது என்பது. டிபிடிகேயில் பொதி ஒன்றுக்கு 128 பைட்டு விவரப் பட்டியலும் அதனையடுத்துத் தரவுக் கூடமும் உண்டு. சுட்டியை வைத்திருக்கும் செயல்முறையே அந்தப் பொதியின் உடைமையாளர்; அது சுட்டியை வளைய வரிசை ஒன்றில் இட்ட கணத்தில் உரிமை எடுப்பவருக்கு மாறிவிடுகிறது. இட்ட பின் அதைத் தொடக்கூடாது என்பது நிரல் எழுதுவோரின் ஒழுக்கத்தால் மட்டுமே காக்கப்படும் விதி. வன்பொருளோ கெர்னலோ அதைக் காப்பதில்லை.

வளைய வரிசை பூட்டில்லாமல் இயங்குகிறது. இட வருவோர் முதலில் தலைக்குறியை நகர்த்தி இடத்தைப் பிடித்துக்கொண்டு, சுட்டிகளை எழுதிவிட்டு, பிறகு வால்குறியை நகர்த்துகின்றனர். ஒரே நேரத்தில் பலர் இட வந்தாலும் ஒவ்வொருவரும் தமக்கு முன் இடம் பிடித்தவர் முடிக்கும்வரை காத்திருந்தே வால்குறியை நகர்த்த முடியும். ஆகவே இடம் பிடித்த ஒரு செயல்முறை எழுதி முடிக்கும் முன் நிறுத்தப்பட்டாலோ மடிந்தாலோ, பின்வந்தோர் அனைவரும் முடிவின்றிச் சுழன்றுகொண்டிருப்பர். பூட்டில்லை என்பதால் சிக்கலில்லை என்று கருதுவோர் இங்கேதான் இடறுகின்றனர்.

குளங்களிலும் இதையொத்த கட்டுப்பாடு உண்டு. அடிக்கடி குளத்தை நாடுவதைத் தவிர்க்க, ஒவ்வொரு கோருக்கும் சிறிய இருப்பு ஒன்று தனியே வைக்கப்படுகிறது. அந்த இருப்பு கோரின் எண்ணைக் கொண்டே அடையாளம் காணப்படுவதால், இரு செயல்முறைகள் ஒரே கோர் எண்ணை எடுத்துக்கொண்டால் இருப்பு சிதைந்து, ஒரே பொதிக்கூடம் இருவருக்கும் வழங்கப்பட்டுவிடும். ஒரு குழுவைச் சேர்ந்த செயல்முறைகளுக்குக் கோர்கள் தனித்தனியே பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும் என்று கையேடு வற்புறுத்துவது இதனால்தான்.

அமைப்பு முறைகள்

சமநிலை அமைப்பில் எல்லாச் செயல்முறைகளும் ஒரே வேலையைச் செய்கின்றன. பிணைய அட்டை பொதியின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் கொண்டு ஒரு கலவை எண்ணைக் கணக்கிட்டு, அதற்கேற்ப பொதியைப் பல வரிசைகளில் ஒன்றில் சேர்க்கிறது. ஒவ்வொரு செயல்முறையும் தன் வரிசையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. பொதிகள் செயல்முறைகளுக்கிடையே கைமாறுவதே இல்லை என்பதால் இது மிக வேகமானது. டென்சென்ட் நிறுவனத்தின் எஃப்-ஸ்டாக் இவ்வழியில் ஒவ்வொரு கோருக்கும் ஒரு செயல்முறை வைத்து, ஒவ்வொன்றிலும் ஃப்ரீபிஎஸ்டியின் பிணைய அடுக்கைத் தனியே ஓட்டுகிறது.

மற்றது வழங்குநர் அமைப்பு. இதில் முதன்மைச் செயல்முறை பொதிகளைப் பெற்று, வளைய வரிசைகள் வழியே துணைச் செயல்முறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. தீயரண், முகவரி மாற்றம், சுமைப் பகிர்வு போன்ற வேலைகளைத் தனித்தனி நிரல்களாக எழுதித் தொடராகக் கோக்க இது ஏற்றது. ஜின்ஹோ ஹ்வாங், ராமகிருஷ்ணன், டிமோத்தி வுட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட நெட்விஎம், மெய்நிகர் கணினிகளுக்கிடையே பொதிகளை நகலெடுக்காமல் கைமாற்றியது. அதன் வழிவந்து 2016இல் வெளியான ஓப்பன்நெட்விஎம், மேலாளர் நிரலை முதன்மையாகவும் ஒவ்வொரு பிணையப் பணியையும் துணைச் செயல்முறையாகவும் அமைத்தது. ஒரு பணியை மட்டும் நிறுத்திப் புதிய பதிப்பை ஏற்றலாம், ஒவ்வொன்றையும் வேறு வேறு குழுவினர் எழுதலாம் என்பன இதன் ஆதாயங்கள். சிக்காம் 2022 மாநாட்டில் வந்த எல்25ஜிசி ஆய்வு, இதே மேடையின்மேல் 5ஜி மைய வலையமைப்பின் பகுதிகளை ஏற்றி, அவை தமக்குள் எச்டிடிபி செய்திகள் அனுப்பிக்கொள்வதற்கு மாறாகப் பகிர்நினைவகம் வழியே உரையாடும்படி செய்து தாமதத்தைக் குறைத்தது.

கண்காணிப்பும் துணைச் செயல்முறையின் இயல்பான பயன். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல், அதன் பக்கத்தில் ஒரு துணைச் செயல்முறையைத் தொடங்கிப் புள்ளிவிவரம் எடுக்கவும் பொதிகளைப் பதிவு செய்யவும் டிபிடிகேயுடனேயே கருவிகள் வருகின்றன.

இடர்கள்

செயல்முறைகள் தனித்தனி என்பதால் ஒன்று கெட்டால் மற்றவை பிழைக்கும் என்னும் எண்ணம் பாதி மட்டுமே உண்மை. மடிந்த செயல்முறையின் தனி நினைவகம் போய்விடும். அதன் கையிலிருந்த பொதிக்கூடங்கள் குளத்துக்குத் திரும்புவதில்லை. அது பிடித்திருந்த பூட்டுகள் திறக்கப்படுவதில்லை. பகிர்நினைவகத்தில் ஒரு செயல்முறை தவறான இடத்தில் எழுதினால் அதன் விளைவு வேறொரு செயல்முறையில், வேறொரு நேரத்தில் வெளிப்படும் என்பதால் பிழையின் மூலத்தைக் கண்டறிவதும் கடினம். முதன்மைச் செயல்முறை மடிந்தாலும் பெரும்பக்கக் கோப்புகள் எஞ்சுவதால் துணைச் செயல்முறைகள் சிறிது காலம் ஓடக்கூடும். ஆனால் அட்டையின் இணைப்பு நிலை மாறியதைச் சொல்லும் குறுக்கீடுகள் முதன்மைக்கு மட்டுமே வருவதால், அவை கண்ணற்றவையாகவே ஓடும்.

இந்தியச் சூழல்

சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 220 கோடி ரூபாய் செலவில் உருவாக்கிய உள்நாட்டு 5ஜி சோதனைக் களம் 2022 மே 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. மைய வலையமைப்பை மென்பொருளாக எழுதும் திறன் நாட்டில் வளர்வதற்கு இத்தகைய களங்கள் இன்றியமையாதவை. பொதிச் செயலாக்க மென்பொருளைக் கற்க விரும்பும் பொறியியல் மாணவர் எவரும் பெரிய சர்வரையோ விலையுயர்ந்த அட்டையையோ தேட வேண்டியதில்லை. டிபிடிகே திறந்த நிரலாகக் கிடைப்பதாலும், மென்பொருளாலான போலி அட்டைகளைக் கொண்டும் அது ஓடுவதாலும், அதனுடன் வரும் எளிய பல்செயல்முறை மாதிரி நிரலை ஒரு சாதாரண லினக்ஸ் கணினியில் இரு முனையங்களில் ஓட்டி, ஒன்றில் இட்ட செய்தி மற்றொன்றில் வருவதை விருத்தாசலத்திலோ பெண்ணாடத்திலோ தம் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஒன்றையொன்று நம்பக்கூடிய நிரல்களுக்கே டிபிடிகேயின் முதன்மை, துணை அமைப்பு உரியது. ஒருவரையொருவர் அறியாதவர்கள் எழுதிய நிரல்களை இணைக்க வேண்டிய இடத்தில், பொதி ஒன்றுக்கு ஒரு நகலெடுப்புச் செலவானாலும், நினைவகத்தைத் தொலைவெண்களால் மட்டும் சுட்டி, இரு தரப்புக்கும் பொதுவான சிறு பகுதியை மட்டும் திறந்துவைக்கும் மெமிஃப் போன்ற இடைமுகமே சரியான தேர்வு, 19.08 பதிப்பிலிருந்து டிபிடிகேயிலும் அது கிடைக்கிறது.